பையன் முடித்துக் கொடுப்பானா?

இயக்குநர் ஆவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஒருவரை இயக்குநராக நியமிக்கும் காரியம் பணம் போடுகிறவரின் அறையில் எவ்விதம் நடக்கிறது என்பதை எழுதியவர்கள் அரிது. எழுதக்கூடியவர்கள் முதலாளிகள், அவர்களுக்கோ எழுதும் பழக்கமில்லை. கோவையில் ஒரு விநியோகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாகவும், பிறகு கோடம்பாக்கத்தில் தயாரிப்பு நிர்வாகியாகவும், கடைசியாகச் சின்னத்திரைத் தொடர்களின் வரவுசெலவைப் பார்க்கிறவனாகவும் இருந்த எனக்கு, அந்த அறைகளின் ஓரத்தில் ஒரு நாற்காலி எப்போதும் கிடைத்துவந்தது. முதலாளி ஒரு புதியவரிடம் கதை கேட்டு முடித்து, காப்பி கொடுத்து, வாசல் வரை சென்று வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபின், கதவைச் சாத்திக்கொண்டு என்னைப் பார்ப்பார். "ஏனுங்க, பையன் முடிச்சுக் குடுத்துருவானுங்களா?" கதை நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே, இந்தக் கேள்வியைக் கேளாதவர் ஒருவரும் இல்லை.

என் தகப்பனார் சிங்காநல்லூரில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில் செட் போடும் தச்சர்களில் ஒருவர். ஒரே மரச்சட்டத்தைக் காலையில் அரண்மனையாகவும் மாலையில் குடிசையாகவும் நிறுத்திப் பழகியிருந்த அவருக்கு நடிகர்களிடம் விசேஷ மதிப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. டைரக்டர்களைப் பற்றி மட்டும் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. தம் காலத்துக்குச் சற்று முந்திய சம்பவம் ஒன்றை அவர் அடிக்கடி சொல்லுவார். கோவையைச் சேர்ந்த மருதாசலம் செட்டியார், மனோரமா பிலிம்ஸ் என்ற பெயரில் 'சதிலீலாவதி'யைத் தயாரிக்க முனைந்தபோது, டைரக்ட் செய்து தரும்படி மாணிக்லால் டாண்டனை அணுகினார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளை வைத்து 'நந்தனார்' எடுத்தவர் அந்த டாண்டன்தான். அவருக்கு அப்போது வேறு வேலை கைநிறைய இருந்தமையால், அமெரிக்காவில் தம்முடன் சினிமாக் கலை பயின்று 1935-ல் இந்தியாவுக்கு வந்திருந்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற இளைஞரைச் சிபாரிசு செய்தார். டங்கனுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் தெரியாது. ஆயினும் செட்டியார் அவரையே அமர்த்தினார். 1936-ல் வெளிவந்த அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். ஒரு சிறு வேடத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். தமிழறியாத ஒருவரிடம் தமிழ்ப் படத்தை ஒப்படைத்த செட்டியாரின் தைரியத்தை வியந்து பேசுகிறவர்கள், அவர் நம்பியது டாண்டனின் வாக்கை என்பதைக் கவனிப்பதில்லை. பிற்காலத்தில் நான் பார்த்த நியமனங்களில் மிகப் பலவும் இந்த ரகத்தைச் சேர்ந்தவையே: வேலை கேட்டு வந்தவரைவிட, அவருக்காகப் பேசியவரின் யோக்கியதைதான் எடை போடப்பட்டது.

சென்ட்ரலில் படமெடுத்துவந்த ஜூபிடர் பிக்சர்ஸின் சோமசுந்தரமும் மொகிதீனும் டைரக்டரைத் தேடி வெளியூர்களில் அதிகம் அலைந்தவர்களாகத் தெரியவில்லை. கதை வசனம் எழுத வந்து, தங்கள் கண்ணெதிரே வேலை செய்துகொண்டிருந்த ஏ.எஸ்.ஏ. சாமியிடம் 1947-ல் 'ராஜகுமாரி'யை ஒப்படைத்தார்கள், எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆனதும் அந்தப் படத்தில்தான். ஒளிப்பதிவில் பெயர் பெற்றிருந்த கே. ராம்நாத் ஜூபிடருக்காகக் 'கன்னியின் காதலி'யையும் 'மர்மயோகி'யையும் இயக்கினார். அதே ராம்நாத் புலியகுளத்துப் பட்சிராஜா ஸ்டுடியோவுக்காக 'ஏழை படும் பாடு' எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன்பு கோவைக் கந்தன் ஸ்டுடியோவில் ராஜா சாண்டோ 'ஆராய்ச்சிமணி'யை எடுத்தபோது உடனிருந்து உதவிய கிருஷ்ணனும் பஞ்சுவும் பின்னால் இரட்டை இயக்குநர்களாகி, 1952-ல் 'பராசக்தி'யைத் தந்தார்கள். அவர்களில் கிருஷ்ணன் லாபரட்டரியில் வேலை பார்த்தவர். காமிராக்காரர், எடிட்டர், லாபரட்டரிக்காரர் என்று இப்படி பெரும்பாலும் யந்திரத்தோடு பழகியவர்களாகவே முதலாளிகள் பொறுக்கியெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் நீளக்கூடாது என்று சர்க்கார் உத்தரவே போட்டிருந்தது. யுத்தம் முடிந்த பிறகும் பிலிம் என்றால் தங்கத்தை நிறுப்பதுபோன்ற ஜாக்கிரதை பல ஆண்டுகள் நீடித்தது. "பிலிமை ஓட விட்டுட்டு யோசிக்கறவன் டைரக்டர் இல்லீடா" என்பார் என் தகப்பனார். அந்த அளவுகோலைக் கடந்துதான் கலை, இலக்கியம் எல்லாம் உள்ளே வர முடிந்தது.

பட்சிராஜாவின் அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவின் முறை இன்னும் சுருக்கமானது: முதலாளியாகிய தாமே தம்மை டைரக்டராக நியமித்துக்கொள்வது. நாமக்கல் கவிஞரின் நாவலிலிருந்து 1954-ல் அவர் எடுத்த 'மலைக்கள்ளன்' ஆறு மொழிகளில் உருவெடுத்தது. திலீப்குமார் நடித்த 'ஆசாத்' அவற்றில் ஒன்று, அதையும் நாயுடுவே இயக்கினார். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரமும் அந்த வழியினரே. லீட்ஸில் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்த அவர், ஸ்டுடியோவை ஒரு நூற்பாலையின் ஒழுங்கோடு நடத்தினார் என்பது அங்கே வேலை பார்த்த எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. அவரிடம் 'மந்திரி குமாரி'யை இயக்கிய டங்கன் படம் முடியுமுன்னரே விலகிக்கொள்ள, மீதியைச் சுந்தரமே எடுத்து முடித்தார். 1950-ல் படம் வந்தபோது இருவர் பெயரும் திரையில் இருந்தன. டைரக்டர் போய்விட்டால் நாமே முடித்துவிடலாம் என்ற திடம் உள்ள முதலாளிக்கு யாரை வேண்டுமானாலும் அமர்த்தும் சுதந்திரம் இருந்தது. அந்தத் திடம் இல்லாத முதலாளிகளின் காலம் பிற்பாடு வந்தது. நான் உத்தியோகம் பார்த்தது அவர்களிடத்தில்.

இடைப்பட்ட வழியொன்றும் உண்டு. கோவை இராமநாதபுரத்தில் பிறந்த சாண்டோ சின்னப்பா தேவர் 1956-ல் தேவர் பிலிம்ஸின் முதற்படமாகத் 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்தபோது, எடிட்டிங் தெரிந்த தம்பி திருமுகத்தை டைரக்டராக்கினார். அதன்பின் எம்.ஜி.ஆர். படங்களையும், 1971-ல் இந்தியில் வந்த 'ஹாத்தி மேரே சாத்தி'யையும் திருமுகமே இயக்கினார்; பிற்காலத்தில் மருமகன் தியாகராஜனுக்கும் அந்த இடம் கிடைத்தது. குடும்பத்துக்குள்ளேயே நியமனமா என்று முகம் சுளிக்கிறவர்கள், குறித்த நாளில் தொடங்கிக் குறித்த நாளில் வெளியிடுவதற்குத் தேவர் பெற்றிருந்த கீர்த்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். தம்பியிடம் 'நாளைக்கு என்ன எடுக்கிறாய்?' என்று சாப்பாட்டு வேளையில் கேட்டுவிடலாம். வெளியாளிடம் அதைக் கேட்க ஒரு நிர்வாகி வேண்டும். அதற்குச் சம்பளம் வேறு.

1965-ல் நான் ரயிலடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு விநியோகக் காரியாலயத்தில் சேர்ந்தேன். சினிமா வியாபாரத்துக்காகத் தமிழ்நாட்டைச் சென்னை நகரம், செங்கல்பட்டும் இரு ஆற்காடுகளும் சேர்ந்த என்.எஸ்.சி., கோவை, சேலம், திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி என்று ஏரியாக்களாகக் கூறுபோட்டு வைத்திருந்தார்கள். நீலகிரியும் ஈரோடும் திருப்பூரும் அடங்கிய எங்கள் கோவை ஏரியா அவற்றில் செழிப்பான கூறுகளில் ஒன்று. சென்னையில் பூஜை போடும் தயாரிப்பாளர் கையில் பெரும்பாலும் முழுப் பணம் இருக்காது. ஏரியா விநியோகஸ்தர்கள் எம்.ஜி. (மினிமம் கேரண்டி) என்று ஒரு தொகை பேசி, பூஜையன்று கொஞ்சம், படப்பிடிப்பின் நடுவில் கொஞ்சம், பெட்டி எடுக்கும்போது மீதி என்று தவணையாகக் கொடுக்கும் முன்பணத்தை உருட்டித்தான் படம் நகரும். ஆதலால், டைரக்டரைத் தேர்ந்தெடுத்தவர் தயாரிப்பாளர் என்று விளம்பரம் சொன்னாலும், அந்தப் பெயரைக் கேட்டதும் கோவையிலோ மதுரையிலோ யாராவது முகத்தைச் சுளித்தால் அந்த நியமனம் சத்தமில்லாமல் மாறிவிடும். டிரங்க் காலில் நாலு வார்த்தை பேசி, ஒரு பெயர் போய் மற்றொரு பெயர் வந்ததை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன்.

எங்கள் முதலாளி ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தார். வசூல் கணக்குக்கு வேறு பேரேடு உண்டு. தியேட்டர்களிலிருந்து எங்கள் பிரதிநிதிகளான ரெப்புகள் அனுப்பும் டி.சி.ஆர். என்ற தினசரி வசூல் தாள்களைப் பார்த்து நான்தான் அதில் பதிவேன். நீல நோட்டில் டைரக்டர்களின் பெயரும், பூஜை நாளும், தருவதாகச் சொன்ன நாளும், பெட்டி உண்மையில் வந்து சேர்ந்த நாளும் மட்டுமே இருக்கும். தீபாவளிக்கு என்று பேசிய படம் தையையும் தாண்டி வந்தால், பேசிவைத்த தியேட்டர்கள் கைமாறிவிடும், வாங்கின கடனுக்கு வட்டி ஏறிவிடும், அதன்பின் படம் ஓடினாலும் லாபம் வட்டிக்காரருக்குத்தான். ஒரு சமயம், அடுத்தடுத்து இரண்டு வெற்றிகளைக் கொடுத்துப் பத்திரிகைகளின் புகழ்ச்சியில் திளைத்திருந்த ஒருவரின் புதுப் படத்தை எங்களுக்குத் தர முன்வந்தார்கள். அதே வாரத்தில், சுமாராக ஓடும் குடும்பப் படங்களை வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொருவரின் படமும் பேச்சுக்கு வந்தது. முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டாமவருக்கு முன்பணம் கொடுத்தார். மேதைகளை மதிக்கத் தெரியாத ஊர் என்று கோவையைச் சென்னைக்காரர்கள் திட்டினார்கள். அந்த மேதையின் படம் பெட்டிக்குள் வருவதற்கு இரண்டு கோடைகள் ஆயிற்று.

ஆனால் நோட்டில் இல்லாத ஒன்றை ரெப்புகள் கொண்டுவந்தார்கள். படப்பெட்டியோடு ரயிலேறி, தியேட்டர் வாசலில் டிக்கெட் எண்ணி, இரவுக் காட்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்கள் தொழில். பெருந்துறையிலும் தாராபுரத்திலும் எந்த இடத்தில் பெண்கள் கூட்டம் அழுதது, எந்த இடத்தில் பீடி பற்றவைக்க வெளியே எழுந்து போனார்கள் என்பதை அவர்கள் சொல்ல, முதலாளி அதை மனத்தில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை சென்னைக்குப் போகும்போது, "அந்தக் கலியாணக் காட்சியை எடுத்தது யாரு? டைரக்டரா, அவர்கிட்ட இருக்கற பையனா?" என்று விசாரிப்பார். அசிஸ்டென்ட்டாக இருந்த சிலருடைய பெயர்கள் இவ்வாறு அவர்களுக்கே தெரியாமல் கோவைக்கு வந்து சேர்ந்திருந்தன.

1976-ல் நான் கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தேன். மறு வருஷம் பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தது. ஸ்டுடியோக்களின் சுவர்களுக்குள் நடந்துவந்த நியமனமெல்லாம் அந்தப் படத்தோடு தெருவுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்த, கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோவில்காரரான பாக்யராஜ் 1979-ல் 'புதிய வார்ப்புகள்' படத்தில் கதாநாயகனாகி, அதே ஆண்டில் 'சுவரில்லாத சித்திரங்கள்' மூலம் இயக்குநரும் ஆனார். சூலூர்க்காரரான மணிவண்ணன், 'கிழக்கே போகும் ரயில்' பார்த்துவிட்டுப் பாரதிராஜாவுக்குக் கடிதம் எழுதி அதன் வழியே அவரிடம் போய்ச் சேர்ந்தவர். அந்தக் கடிதத்தின் கதையைக் கேட்டு, கடிதம் எழுதினால் வேலை கிடைக்கும் என்று நம்பிக் கோவை ஜில்லாவில் தபால் செலவு செய்த இளைஞர்கள் எத்தனையோ பேர். கடிதம் அவருக்கு வாசலைத் திறந்ததே ஒழிய, டைரக்டர் நாற்காலியைக் கொடுக்கவில்லை. அவர் கதை வசனம் எழுதிய 'நிழல்கள்' 1980-ல் ஓடவில்லை. மறு ஆண்டு 'அலைகள் ஓய்வதில்லை' ஓடியது. அதற்குப் பிறகே 1982-ல் 'கோபுரங்கள் சாய்வதில்லை'யை இயக்கும் வாய்ப்பு வந்தது. அதைத் தயாரித்தவர் கலைமணி. '16 வயதினிலே'க்கு வசனம் எழுதிய அதே கலைமணி. வேலை செய்கிற கையைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், தம்மிடம் பணம் சேர்ந்தபோது அந்தக் கையைக் கூப்பிட்டார்.

அசிஸ்டென்ட்களின் உலகத்தில் எழுதப்படாத படிக்கட்டு ஒன்று இருந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் கிளாப் அடிப்பார், அதற்கு மேலே இருப்பவர் கன்டினியூட்டி எழுதுவார், அதற்கும் மேலே வசனம் சொல்லிக்கொடுப்பவர், உச்சியில் அசோசியேட். சம்பளம் என்று சொல்லத்தக்கது மேல்படிக்கு வந்தபிறகே கிடைக்கும். கீழே இருப்பவர்களுக்குப் பேட்டாவும் யூனிட் சாப்பாடும். ஊரில் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பட்டினியைத் தாங்கிக்கொண்டு மேலே வந்ததையும், அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் தங்கைக்குக் கலியாணம் என்று பாதியில் பஸ் ஏறியதையும் கண்ட எனக்கு, திறமை ஒன்றே மனிதனை உயர்த்தும் என்கிற பேச்சில் அதிக ருசி இல்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். டி.பி. ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கிவிட்ட இந்தத் தொழிலில், ஒரு பெண்ணைக் குறித்து, அவர் முடித்துக் கொடுப்பாரா என்று என்னிடம் எந்த முதலாளியும் கேட்டதில்லை. கேட்கும்படியாக அந்தப் படிக்கட்டில் யாரையும் ஏற்றிவைக்கவில்லை.

எண்பதுகளில் கோவைப் பணம் நேராகவே தயாரிப்புக்கு வந்தது. மதர்லேண்ட் பிக்சர்ஸ் கோவைத்தம்பி 1982-ல் நம்மூர்க்காரரான ஆர். சுந்தர்ராஜனை வைத்துப் 'பயணங்கள் முடிவதில்லை' எடுத்தார். பிறகு மணிவண்ணனிடம் 'இளமைக் காலங்கள்', கே. ரங்கராஜிடம் 'உதயகீதம்', 1985-ல் மணிரத்னம் என்ற இளைஞரிடம் 'இதயக்கோவில்' என்று கொடுத்தார். மணிரத்னம் அதற்கு முன்பு கன்னடத்திலும் மலையாளத்திலும் ஒவ்வொரு படமும், தமிழில் 'பகல் நிலவு'ம் செய்திருந்தார். யாரிடமும் அசிஸ்டென்ட்டாக இருந்தவர் அல்லர். படிக்கட்டில் ஏறாதவரை நம்பலாமா என்ற சந்தேகம் கோடம்பாக்கத்தில் அந்நாளில் பலருக்கு இருந்தது. இளையராஜாவின் இசை ஏரியா விற்பனையைப் பாதி முடித்துக் கொடுத்துவிடும் காலமாதலால், மீதிப் பாதிக்குப் புதியவர்களை அமர்த்திப் பார்க்கும் வசதி தயாரிப்பாளர்களுக்கு இருந்தது என்பது என் ஊகம்.

முதலாளி என்னைக் கேட்டால் நான் எங்கே விசாரிப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்திய படத்தின் தயாரிப்பாளரிடம் போகவே மாட்டேன். படம் ஓடியிருந்தால் அவர் புகழ்வார், ஓடாவிட்டால் சபிப்பார், இரண்டிலும் விஷயம் இருக்காது. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரி, லைட் தூக்குகிறவரிடமும், சாப்பாடு பரிமாறுகிறவரிடமும், காமிரா உதவியாளரிடமும் போவேன். காலை ஏழு மணிக்கு முதல் ஷாட் ஆகிறதா? நாளைக்கு எடுக்கப்போவது இன்றைக்கே தெரிந்திருக்கிறதா? நடிகர் வராத நாளில் என்ன செய்தார்? எல்லோரையும்விட எடிட்டரின் உதவியாளரிடம் கேட்பது சிலாக்கியம். இரண்டரை மணி நேரப் படம் என்பது சுமார் 13,500 அடி; அதற்காக எத்தனை அடி எடுத்தார், அதில் எத்தனை குப்பைக்குப் போயிற்று என்பது அந்தப் பையனுக்குத் துல்லியமாகத் தெரியும். டைரக்டரின் தலைக்குள் படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததா, காமிரா ஓடும்போதுதான் தேடினாரா என்பதை அந்தச் சுருள்கள் மறைக்க மாட்டா.

கதை சொல்லும் சாமர்த்தியத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்புக்காரரான ஒரு கவுண்டர் படமெடுக்க ஆசைப்பட்டு, என் அறிமுகத்தின் பேரில் ஓர் அசோசியேட்டை வரவழைத்தார். களத்துமேட்டில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மூன்று மணி நேரம், பாட்டு வருமிடம் உட்பட, அந்த இளைஞர் கதை சொன்னார். சொன்னவருடைய சாமர்த்தியம் நடுத்தரமானது. நகைச்சுவை இடங்களில் அவரே முதலில் சிரித்துவிட்டார். கவுண்டர் கேட்டு முடித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஏந்தம்பி, அத்தனையும் வெளிய எடுக்கறதாட்டவே சொல்றீங்களே, மழை புடிச்சுக்கிச்சுன்னா என்னங்க பண்றது?" என்றார். இளைஞர் தயங்கவில்லை. "எட்டு சீன் அதுக்குன்னே தனியா வெச்சிருக்கறனுங்க. எல்லாம் திண்ணையிலயும் அடுப்படியிலயும் நடக்கறதுதான். மழை வந்தா அன்னைக்கு அதை எடுத்துக்கலாமுங்க" என்று, அந்த எட்டையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். கவுண்டர் உள்ளே போய் வெற்றிலைத் தட்டில் 1,001 ரூபாயை வைத்து எடுத்துவந்தார். என்னிடம் எதுவும் கேட்கவேயில்லை. படப்பிடிப்பின் நடுவில் தென்மேற்குப் பருவம் ஆனைமலைப் பக்கம் பிடித்துக்கொண்டபோது, திண்ணைக் காட்சிகள் ஒவ்வொன்றாகச் செலவாகி, படம் சொன்ன நாளைக்கு முடிந்தது. சுமாராக ஓடிற்று. அந்த இளைஞருக்கு அடுத்தடுத்துப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. அவரைவிட அழகாகக் கதை சொல்லத் தெரிந்த நண்பர்கள் அவர் அறையிலேயே தங்கி, காலமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தொண்ணூறுகளிலும் புதியவர்களுக்குப் படம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சூப்பர் குட் பிலிம்ஸ் ஆர்.பி. சௌத்ரி 1990-ல் 'புது வசந்தம்' படத்தை, மணிவண்ணனிடம் இருந்த விக்ரமனுக்குக் கொடுத்தார். அந்தப் படத்தில் உதவியாளராக ஓடியாடிக்கொண்டிருந்த கே.எஸ். ரவிகுமாரைப் பார்த்து, அவருக்கும் அதே ஆண்டு 'புரியாத புதிர்' கொடுத்தார். ஆனால் பொதுவாகக் காற்று கதாநாயகர்கள் பக்கம் திரும்பிவிட்டது. கால்ஷீட் யார் கையில் இருக்கிறதோ அவரே டைரக்டரைச் சொல்வார். தயாரிப்பாளர் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு செக் எழுதுவார். அந்தச் சூழ்நிலையில் என்னைப் போன்றவர்களிடம் கேட்க எதுவும் இல்லை.

ஆகவே சின்னத்திரைக்கு வந்தேன். 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய சென்னைத் தூர்தர்ஷன் காலத்தில், 13 வாரத் தொடருக்கு அனுமதி வாங்கும் தயாரிப்பாளர் டைரக்டரின் பெயரையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். கோப்பு நகரும் வேகத்தில் அந்த டைரக்டருக்கு வேறு ஜீவனம் கிடைத்துவிடும். 1993-ல் சன் டிவி வந்து, தொண்ணூறுகளின் இறுதியில் 'சித்தி' போன்ற தினசரித் தொடர்கள் வீடுகளைப் பிடித்துக்கொண்டபின் கணக்கு அடியோடு மாறியது. நாளொன்றுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஒளிபரப்பத்தக்க காட்சி எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் திரையில் ஓட்ட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் தொடரை நடத்துகிறவர் தலைமை எழுத்தாளர்; இயக்குநர் வாரத்துக்கு ஒருவராக விருந்தாளி போல வந்து ஓர் எபிசோடை எடுத்துவிட்டுப் போவார் என்று படித்திருக்கிறேன். நம்மிடத்தில் ஒரே டைரக்டர் வருஷக்கணக்காக இழுப்பார், விழுந்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் அசோசியேட் அந்த நிமிஷமே தொடர்வார். புது டைரக்டர் வேண்டுமென்றால் வெளியே தேடுவதே இல்லை. நான் கணக்குப் பார்த்த ஒரு தொடரில், வாராந்தர டி.ஆர்.பி. இரண்டு தடவை சரிந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சேனலிலிருந்து தொலைபேசி வந்தது. திங்கட்கிழமை காலையில் செட்டுக்கு வந்த நடிகர்கள் மானிட்டருக்கு முன்னால் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். போனவர் மூன்று வருஷம் உழைத்தவர். வந்தவர் அவரிடமே தொழில் கற்றவர், அவர் நாற்காலியில் உட்காராமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். அந்த மரியாதை ஒரு வாரம் நீடித்தது.

2012-ல் ஊர் திரும்பினேன். அதற்குள் கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 'பீட்சா'வை எடுத்திருந்தார். மறு ஆண்டு நலன் குமரசாமி 'சூது கவ்வும்' எடுத்தார். எங்கள் கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வங்கி உத்தியோகத்தில் இருந்த லோகேஷ் கனகராஜ் குறும்படம் எடுத்து, 2016-ல் வந்த 'அவியல்' தொகுப்பில் இடம்பெற்று, 2017-ல் 'மாநகரம்' எடுத்தார், 2019-ல் 'கைதி'. பிலிம் போய் டிஜிட்டல் வந்ததனால் அடிக்கணக்கு பார்க்கிற தொல்லை ஒழிந்தது. முதலாளிக்குக் கதை சொல்வதற்கு முன்பே பத்து நிமிஷப் படத்தை அவர் கைபேசிக்கு அனுப்பிவிடலாம். என் போன்றவர்கள் லைட்மேனிடம் போய் விசாரித்ததைக் குறும்படம் ஒருவாறு தானே சொல்லிவிடுகிறது. ஒருவாறு என்றுதான் சொல்ல வேண்டும்: நாலு சிநேகிதர்களை வைத்துச் சனி ஞாயிறுகளில் எடுத்த பத்து நிமிஷம், நூறு பேர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நாற்பதாவது நாளில் அவர் எப்படி இருப்பார் என்பதைக் காட்டாது.

இப்போது பரவியிருக்கும் வழக்கம் ஃபர்ஸ்ட் காப்பி. ஒரு தொகையைப் பேசி, முழுப் படத்தையும் முதல் பிரதியாக முடித்து ஒப்படைக்கும் பொறுப்பை டைரக்டரிடமே விட்டுவிடுகிறார்கள். பணம் மிச்சமானால் அவருக்கு, செலவு மிஞ்சினால் அவர் தலையில். சென்ற ஆண்டு திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர் அப்படியோர் ஒப்பந்தத்தை எழுதி, கையெழுத்துப் போடப்போகும் இளைஞரையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று பிடித்தம் போட்டிருந்தது. நடிகர் நோய்ப்பட்டால் என்ன என்று எங்கும் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள் தம்பி என்று இளைஞரிடம் சொன்னேன். அவர் பனியன் கம்பெனிக்காரரைப் பார்த்தார். அவர், "அதெல்லாம் பேசிக்கலாமுங்க, அய்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து இளைஞரிடம் நீட்டினார்.